எர்ணாகுளம்: ஏ.சி படகு, குழிமந்தி, காத்திருக்கும் தீவுகள்

கோயம்புத்தூரில் காலையில் ரயில் ஏறினால் மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு எர்ணாகுளம் போய்விடலாம். அதனாலோ என்னவோ, சனி, ஞாயிறுகளில் இந்த ஊரின் படகுத்துறைகளில் தமிழ்க் குரல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. 'கொச்சிக்குப் போறோம்' என்று சொல்லித்தான் எல்லோரும் கிளம்புகிறோம். ஆனால், ரயில் நம்மை இறக்கிவிடுவது எர்ணாகுளத்தில். கடைவீதி, கோர்ட், ஆஸ்பத்திரி, காலேஜ் எல்லாம் இருக்கும் கரை இது. படங்களில் பார்க்கும் சீன வலைகளும் பழைய தெருக்களும் காயலுக்கு அந்தப் பக்கம், ஃபோர்ட் கொச்சியிலும் மட்டாஞ்சேரியிலும் இருக்கின்றன. 1967-ல் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கொச்சி மாநகராட்சி என்று ஆக்கினார்கள். பெயர் ஒன்றானாலும் நடுவே தண்ணீர் அப்படியேதான் கிடக்கிறது.

இந்த ஊரில் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும் விதம் சில வருடங்களில் தலைகீழாக மாறிவிட்டது. 2017 ஜூனில் மெட்ரோ ரயில் வந்தது. 2023 ஏப்ரலில் வாட்டர் மெட்ரோ வந்தது. கூடவே கஃபேக்களும் மந்திக் கடைகளும் பெருகின. புதிதாக என்னென்ன வந்திருக்கிறது என்று இரண்டு நாள் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தேன். சாப்பாட்டு விஷயத்தில் குறையே இல்லை. படகு விஷயத்தில்தான் ஒரு கேள்வி ஒட்டிக்கொண்டது. 10 தீவுகளுக்காக என்று சொல்லித் தொடங்கிய படகுகள், இப்போது யாரை ஏற்றிக்கொண்டு போகின்றன?

எம்.ஜி ரோடு

எர்ணாகுளத்தில் இரண்டு பெரிய ரயில் நிலையங்கள். ஊர்க்காரர்களுக்கு அவை நார்த், சவுத். எதில் இறங்கினாலும் பக்கத்திலேயே மெட்ரோ இருக்கிறது. நார்த்துக்கு டவுன் ஹால் ஸ்டேஷன், சவுத்துக்கு எர்ணாகுளம் சவுத் ஸ்டேஷன். குறைந்தபட்ச டிக்கெட் 10 ரூபாய், அதிகபட்சம் 60. வாட்ஸ்ஆப்பிலேயே டிக்கெட் எடுத்துக்கொள்ளலாம். ஆலுவாவிலிருந்து திருப்பூணித்துறை வரை 28 கிலோமீட்டர், 25 ஸ்டேஷன்கள். கடைசித் துண்டு 2024 மார்ச்சில் திறந்தது.

கொச்சி மெட்ரோ தொடங்கியபோதே பேசப்பட்ட விஷயம் ஒன்று உண்டு. டிக்கெட் கவுன்ட்டர், துப்புரவு போன்ற வேலைகளைக் குடும்பஸ்ரீ பெண்களிடம் கொடுத்தார்கள். திருநங்கைகளையும் வேலைக்கு எடுத்தார்கள். வந்தவர்களில் சிலர் முதல் மாதத்திலேயே வேலையை விட்டுவிட்டார்கள், காரணம் ஊரில் யாரும் அவர்களுக்கு வாடகைக்கு வீடு தரவில்லை. அதுவும் அப்போது செய்தியானது. வேலை கிடைத்தும் அந்த வேலைக்குப் பக்கத்தில் தங்க இடமில்லை என்றால் என்ன செய்வது?

எம்.ஜி ரோடு ஸ்டேஷனில் இறங்கினால் தலைக்கு மேலே மெட்ரோ, கீழே ஜவுளிக்கடைகள். ஒருகாலத்தில் கல்யாணப் பட்டு எடுக்க மாநிலத்தின் பல மூலைகளிலிருந்தும் இந்தத் தெருவுக்குத்தான் வருவார்களாம். இப்போது பெரிய ஷோரூம்களுக்கு நடுநடுவே ஷட்டர் இறங்கிய கடைகளும் தெரிகின்றன. மால்களும் பார்க்கிங் தொல்லையும் சேர்ந்து செய்த வேலை. பழைய ஆட்கள் சிலர் அசையாமல் இருக்கிறார்கள். கிராண்ட் ஹோட்டலில் வாழையிலையில் சுற்றி வரும் கரிமீன் பொள்ளிச்சது, சந்துக்குள் இருக்கும் பை சகோதரர்களின் தோசைக்கடை, தர்பார் ஹால் பக்கத்து பி.டி.ஹெச்... இவையெல்லாம் எந்தப் புது கஃபேக்கும் பயப்பட வேண்டிய நிலையில் இல்லை. பை கடையில் தோசைப் பட்டியலைப் படித்து முடிப்பதற்குள் பசி இரண்டு மடங்காகிவிடும்.

எர்ணாகுளம் மார்க்கெட் பக்கமும் ஒரு நடை போய் வாருங்கள். 2024 டிசம்பரில் புதுக் கட்டடம் திறந்திருக்கிறார்கள். நம் ஊர்க் காய்கறிகள் லாரியில் வந்து இறங்குவது இங்கேதான் என்பதால் சுமை தூக்கும் இடத்திலிருந்து மொத்தக் கடை வரைக்கும் தமிழ் புழங்குகிறது.

கதவு மூடினால் நூறு பேர்

மார்க்கெட்டிலிருந்து மரைன் டிரைவ் நடந்து போகும் தூரம்தான். பெயர்தான் டிரைவ். அந்த நடைபாதையில் வண்டி எதுவும் ஓடாது. கடலும் கிடையாது, எதிரே இருப்பது காயல். அதன் வடக்கு முனைக்கு அருகில் ஹைகோர்ட் வாட்டர் மெட்ரோ நிலையம்.

முதல்முறை பார்ப்பவர்கள் ஒரு நிமிடம் ஏர்போர்ட்டோ என்று நினைத்துவிடுவார்கள். கண்ணாடிக் கட்டடம், பளபளவென்ற தரை, கார்டு காட்டினால் திறக்கும் தானியங்கிக் கதவு. படகுக்குப் போகும் மேடை தண்ணீரில் மிதக்கிறது. காயலில் ஏற்றம் வந்தால் மேடையும் ஏறும், வற்றினால் இறங்கும். அதனால் படகின் தளமும் மேடையும் எப்போதும் ஒரே மட்டத்தில் இருக்கும். சக்கர நாற்காலியில் வந்த ஒரு தாத்தாவை யாரும் தூக்கவில்லை, குனியவில்லை, உருட்டிக்கொண்டே உள்ளே போனார்கள். படகில் ஏறும்போது கைத்தாங்கல் கேட்டே பழகிய நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

படகுகளைக் கட்டியது இதே ஊரின் கொச்சி கப்பல் கட்டும் தளம். பேட்டரியில் ஓடுகின்றன, பத்துப் பதினைந்து நிமிடத்தில் சார்ஜ் ஏறிவிடும். பெரிய படகில் 50 பேர் உட்காரலாம், 50 பேர் நிற்கலாம். 2021 டிசம்பரில் வந்த முதல் படகின் பெயர் முசிறிஸ். ஆமாம், நம் சங்கப் பாடல்களில் வரும் அதே முசிறிதான். 1341-ல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் அந்தத் துறைமுகத்தைத் தூர்த்துவிட்டு, கொச்சியில் புதிதாக ஒரு முகத்துவாரத்தைத் திறந்துவிட்டது என்று சொல்வார்கள். போன ஊரின் பெயரை வந்த படகுக்கு வைத்திருக்கிறார்கள்.

உள்ளே ஏ.சி, பெரிய பெரிய கண்ணாடி ஜன்னல்கள். இன்ஜின் சத்தமே கேட்காததால் பக்கத்து சீட்டுக்காரர் போனில் பேசும் குடும்பத் தகராறு முழுசாகக் கேட்கிறது. கேட்டில் நின்ற சேச்சியிடம், "இன்னும் நாலு பேர்தான், ஏத்திக்கக் கூடாதா?" என்று எங்களுக்குப் பின்னால் வந்த குடும்பம் கெஞ்சிப் பார்த்தது. "நூறு ஆயி, மோளே. அடுத்த போட்டு" என்று சிரித்துக்கொண்டே கதவைக் காட்டினார்.

அந்தக் கண்டிப்புக்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. 2015 ஆகஸ்ட் 26 அன்று வைப்பினிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு வந்த பயணிகள் படகின் மீது மீன்பிடிப் படகு மோதி 11 பேர் இறந்தார்கள். கரை கண்ணுக்குத் தெரியும் தூரம். ஓணத்துக்கு முந்தைய நாட்கள். அந்தத் துறையில் இப்போதும் அதை நினைக்காமல் படகு ஏறாதவர்கள் உண்டு. அதனால் நூற்றோராவது ஆளை நிறுத்தும் கதவின் மீது எனக்குக் கோபம் வரவில்லை.

டிக்கெட் குறைந்தபட்சம் 20 ரூபாய். ஹைகோர்ட்டிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு 40. அரை மணி நேரத்துக்குள் அக்கரை. போகும் வழியில் வல்லார்பாடம் சரக்குப் பெட்டக முனையத்தின் ராட்சத கிரேன்கள் வரிசையாக நிற்கும். எல்லோரும் போனைத் தூக்கிப் படம் எடுப்பார்கள், நானும் எடுத்தேன். அந்த முனையத்துக்கான சாலைக்கும் ரயில் பாதைக்கும் 2008-ல் மூலம்பிள்ளி உள்ளிட்ட ஊர்களிலிருந்து 316 குடும்பங்களைக் காலி செய்தார்கள். மறுவாழ்வு கேட்டு அவர்கள் நடத்திய போராட்டம் கேரளத்தில் எல்லோருக்கும் தெரியும். 'வளர்ச்சி' என்ற வார்த்தையை இந்தக் காயல்கரையில் சொன்னால் கேட்பவர் முகம் லேசாக மாறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அக்கரையில் ஒரு பிரியாணி, கொஞ்சம் தமிழ்

ஃபோர்ட் கொச்சி வாட்டர் மெட்ரோ நிலையம் 2024 ஏப்ரலில் திறந்தது. அதன் பிறகு இந்தப் பக்கம் சனி, ஞாயிறு என்றால் திருவிழாதான். 2012-ல் முதல் பினாலே கலைக் கண்காட்சி நடந்ததிலிருந்தே இங்குள்ள பழைய பங்களாக்கள் ஒவ்வொன்றாக கஃபேயாகவும் ஹோம்ஸ்டேயாகவும் மாறத் தொடங்கிவிட்டன. பர்கர் தெருவில் இருக்கும் காஷி ஆர்ட் கஃபே அதற்கும் முன்னோடி. படம் பார்க்க வந்தவர்கள் காபி குடித்தார்கள், பிறகு காபி குடிக்க வந்தவர்கள் படம் பார்த்தார்கள். இப்போது தெருவுக்கு நான்கு கஃபே. உட்கார இடம் அழகாக இருக்கிறது, ஆனால் ஒரு காபி விலையில் கரைக்கு அந்தப் பக்கம் மதியச் சாப்பாடே முடித்துவிடலாம்.

பிரியாணி சாப்பிட வந்தவர்கள் கஃபே வாசலில் நிற்காமல் மட்டாஞ்சேரிக்கு நடையைக் கட்டுங்கள். காயீஸ் என்று ஊர் கூப்பிடும் ரஹ்மத்துல்லா ஹோட்டல் அங்கேதான். குட்டை குட்டையான கைமா அரிசி, மசாலா மேலே தெரியாமல் உள்ளே மறைந்திருக்கும் மட்டன், பக்கத்தில் பேரீச்சம்பழ ஊறுகாய். திண்டுக்கல், ஆம்பூர் பிரியாணிக்குப் பழகிய நாக்குக்கு முதல் வாய் 'காரமே இல்லையே' என்று தோன்றும். மூன்றாவது வாயில் அந்தப் புகார் நினைவுக்கு வராது. தாமதமாகப் போனால் தீர்ந்துவிடும்.

மட்டாஞ்சேரியின் பழைய படகுத்துறை சேறு படிந்து, படகு வர முடியாமல் வருடக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. 2025 அக்டோபரில் இங்கேயும் எதிரே வில்லிங்டன் தீவிலும் வாட்டர் மெட்ரோ நிலையங்கள் திறந்தன. 1568-ல் கட்டிய யூத வழிபாட்டுத் தலமும் டச்சு அரண்மனையும் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். சனிக்கிழமை வழிபாட்டுத் தலம் மூடியிருக்கும். வார இறுதியில் போகும் நம் ஆட்கள் பெரும்பாலும் வாசலைத்தான் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

ஃபோர்ட் கொச்சியில் சீன வலையையும் தேவாலயத்தையும் பற்றி ஆயிரம் பேர் எழுதியாகிவிட்டது. நான் சொல்ல விரும்புவது வெளி பகுதியில் இருக்கும் தோபிகானா. தமிழ்நாட்டிலிருந்து தலைமுறைகளுக்கு முன்னால், படை வீரர்களின் துணி வெளுக்க அழைத்து வரப்பட்ட வண்ணார் குடும்பங்களின் வாரிசுகள் இன்றும் அங்கே துணி துவைக்கிறார்கள். வரிசையாகத் துவைகல் அறைகள், பின்னால் பெரிய மைதானம், அது முழுக்கக் கயிறுகள். கிளிப்பே கிடையாது. இரண்டு புரியாக முறுக்கிய கயிற்றின் நடுவே துணியின் நுனியைச் செருகிவிடுகிறார்கள், காற்று எவ்வளவு அடித்தாலும் பறக்காது. கஞ்சி போட்ட வெள்ளை வேட்டிகளும் ஹோம்ஸ்டே படுக்கை விரிப்புகளும் ஒரே கயிற்றில் ஆடுகின்றன.

இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த ஒரு பாட்டி நான் போனில் பேசியதைக் கேட்டுவிட்டு, "எந்த ஊரு கண்ணு?" என்றார். சொன்னேன். தான் பிறந்தது, கட்டிக்கொடுத்தது எல்லாம் இங்கேதான் என்றார். தமிழ்தான், ஆனால் ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் மலையாளம் இழுத்தது. ஹோட்டல்கள் பெருகினால் துணியும் பெருகும்தானே என்று கேட்டதற்குச் சிரித்தார். "பெரிய ஓட்டல்காரன் மெஷின் வாங்கிடுவான். சின்ன வீட்டுக்காரங்கதான் நமக்கு" என்று சொல்லிவிட்டு, பெட்டியில் கரியைக் கிளறினார்.

மணி அடிக்கும் படகு

திரும்பும்போது வேண்டுமென்றே பழைய படகில் வந்தேன். கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறை நடத்தும் படகு. டிக்கெட் பத்து ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஏ.சி கிடையாது, காற்று இருக்கிறது. ஓட்டுபவரை ஸ்ராங்கு என்கிறார்கள். அவர் மேலே சுக்கானைப் பிடித்துக்கொண்டு கயிற்றை இழுத்து மணி அடிப்பார். கீழே இன்ஜின் பக்கத்தில் இருப்பவர் அந்த மணியைக் கேட்டு வேகத்தைக் கூட்டுவார், குறைப்பார், பின்னால் எடுப்பார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. கரை வந்ததும் லாஸ்கர் கயிற்றை வீசிக் கட்டுகிறார்.

இதைப் பழங்காலம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. வாட்டர் மெட்ரோ வருவதற்கு ஆறு வருடம் முன்னால், 2017 ஜனவரியிலேயே, வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 'ஆதித்யா' என்ற சூரிய சக்திப் படகை ஓடவிட்டது இதே துறைதான். இந்தியாவின் முதல் சோலார் பயணிகள் படகு அது. கண்ணாடிக் கட்டடம் இல்லாததால் அதற்கு அவ்வளவு வீடியோக்கள் வரவில்லை.

இன்னொன்றும் உண்டு. ஃபோர்ட் கொச்சிக்கும் வைப்பினுக்கும் நடுவே கார், பைக், ஆட்டோ எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போகும் ரோ-ரோ படகு. 'சேதுசாகர்' என்று பெயர். ஐந்து நிமிடத்தில் அக்கரை. இதை விட்டால் பாலங்கள் வழியாக எர்ணாகுளத்தையே சுற்றிக்கொண்டு வர வேண்டும். குழந்தைகளோடு போகிறவர்கள் இதில் ஒருமுறையாவது ஏறுங்கள். பைக்கில் உட்கார்ந்தபடியே கடல் முகத்துவாரத்தைக் கடப்பது அவர்களுக்கு ராட்டினத்தை விடப் பிடிக்கும்.

ராத்திரிச் சாப்பாடு

இருட்டியதும் ஊரின் முகம் மாறுகிறது. பனம்பிள்ளி நகர்ப் பக்கம் போனால், தனி வீடுகளாக இருந்தவை வரிசையாகக் கடைகளாகிவிட்டன. போர்ட்டிகோவில் காபி மெஷின், மாமரத்தடியில் மேஜை. காலேஜ் பிள்ளைகளும் காக்கநாட்டு ஐ.டி ஊழியர்களும் நிறைந்திருக்கிறார்கள்.

ஆனால், இந்த ஊரின் உண்மையான புது ராஜா குழிமந்தி. ஏமன் நாட்டுச் சோறு. குழிக்குள் நெருப்பு மூட்டி, இறைச்சியையும் அரிசியையும் மூடி வேகவைப்பது. வளைகுடாவுக்கு வேலைக்குப் போன மலபார்க்காரர்கள் கொண்டுவந்தார்கள். இப்போது பெரிய தட்டில் நால்வர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் காட்சி இல்லாத சாலையே இல்லை. கூடவே அல்ஃபாம் சிக்கன், ஒரு கிண்ணம் மயோனைஸ். அந்தக் கிண்ணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உணவு விஷமாகி உயிரிழப்புகள் நடந்த பிறகு 2023 ஜனவரியில் பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸைக் கேரளம் தடை செய்தது. தமிழ்நாடும் 2025 ஏப்ரலில் ஒரு வருடத்துக்குத் தடை விதித்தது. எதில் செய்தது என்று கேட்டுவிட்டுத் தொடுங்கள், கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

பார்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்கும் ஒரு கதை உண்டு. 2014-ல் ஐந்து நட்சத்திர ஹோட்டல்களைத் தவிர மற்ற பார்களை மூடுவது என்று அன்றைய அரசு முடிவெடுத்தது. ஆட்சி மாறி, 2017-ல் மூன்று நட்சத்திரத்துக்கு மேல் மறுபடி திறந்தார்கள். அதனால் இங்கே புதிதாக வரும் பார் எல்லாம் ஏதாவது ஹோட்டலின் மாடியிலோ காயலைப் பார்த்த மூலையிலோதான் இருக்கிறது. பழைய சீலார்ட் ஹோட்டலின் மொட்டைமாடியில் குடும்பத்தோடு சாப்பிட வருபவர்களும் உண்டு. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி மதுவுக்கு விடுமுறை. தெரியாமல் வந்து முழிக்கும் தமிழ்நாட்டு நண்பர் குழுக்களை அந்தத் தேதியில் பார்க்கலாம்.

அதைவிட நமக்குப் புதுமை கள்ளு ஷாப்தான். தமிழ்நாட்டில் 1987 தொடக்கத்திலிருந்து கள் கிடையாது. அதனால் கள்ளுக்கடை என்றாலே நம் மனதில் வேறு படம் ஓடும். மெட்ரோவின் கடைசி ஸ்டேஷனான திருப்பூணித்துறையைத் தாண்டினால் உதயம்பேரூரில் முல்லப்பந்தல் ஷாப். அங்கே பாட்டி, பேரன், கல்யாணமான ஜோடி என்று குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். பாதிப் பேர் கள்ளைத் தொடுவதே இல்லை. கப்பையும் மீன் குழம்பும், கக்கா வறுவல், வாத்து ரோஸ்ட்... சமையலுக்காகவே வருகிற கூட்டம். காரம் மட்டும் நம்மையே தண்ணீர் குடிக்க வைக்கும்.

ஒரு எச்சரிக்கை. ஊர் இரவில் நீண்ட நேரம் விழித்திருக்கிறது, படகு விழித்திருப்பதில்லை. ஃபோர்ட் கொச்சியில் எட்டு மணிக்கு மேல் படகை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

தீவுக்காரர்கள் எங்கே?

மறுநாள் காலை வைற்றிலா போனேன். 2011-ல் திறந்த வைற்றிலா மொபிலிட்டி ஹப்பில் வெளியூர் பஸ், மெட்ரோ ரயில், வாட்டர் மெட்ரோ மூன்றும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. பஸ்ஸில் இறங்கி, பத்து நிமிடத்தில் படகில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் ரயில் நிலையம் இல்லாமலே கிளாம்பாக்கம் திறந்ததைப் பார்த்த சென்னைக்காரர்கள் இங்கே வந்தால் கொஞ்சம் பெருமூச்சு விடுவார்கள். காக்கநாடு போகும் படகில் கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் இளைஞர்கள். கரையிறங்கியதும் இன்ஃபோபார்க் போக பஸ். சாலையில் சிக்னல் சிக்னலாக நின்று போவதை விட இது எவ்வளவோ மேல். மழைக்காலத்தில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டால்தான் படகுக்குச் சோதனை. இன்ஃபோபார்க்குக்கு மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்ட வேலையும் நடக்கிறது.

சுற்றுலாப் பயணிகளுக்குப் படகு வந்துவிட்டது. ஐ.டி ஊழியர்களுக்கும் வந்துவிட்டது. 78 படகுகள், 38 நிலையங்கள், 15 வழித்தடங்கள், ஏறக்குறைய 1,137 கோடி ரூபாய், அதில் ஜெர்மன் வங்கியான கே.எஃப்.டபிள்யூவின் கடனும் சேர்த்தி. இதுதான் திட்டம். தீவுகளில் வாழும் மக்கள் வேலைக்கும் படிப்புக்கும் ஆஸ்பத்திரிக்கும் சுலபமாகக் கரைக்கு வர வேண்டும் என்பதே இதற்குச் சொன்ன காரணம். 2025 அக்டோபரில் மட்டாஞ்சேரியும் வில்லிங்டன் தீவும் சேர்ந்தபோதுதான் நிலையங்களின் எண்ணிக்கை 12-ஐத் தொட்டது. ஓடும் படகுகளும் இருபதை ஒட்டித்தான்.

டிக்கெட் விலையைச் சிலர் குறை சொல்கிறார்கள். அது முழுக்க நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை. தொடக்கத்திலேயே மாத பாஸ் அறிவித்தார்கள், 600 ரூபாய்க்கு 50 பயணம். ஒரு தடவைக்கு 12 ரூபாய்தான் ஆகிறது. தினமும் வருபவருக்கு 12, என்னைப் போல வேடிக்கை பார்க்க வருபவருக்கு 40 என்பது நல்ல கணக்கு. பாஸ் வாங்கினாலும் ஏறுவதற்குப் படகு வேண்டுமே, அதுதான் சிக்கல். பொக்காளி நெல் விளையும் கடமக்குடித் தீவுகளைப் பாருங்கள். உப்புத் தண்ணீர் வயலில் ஒரு பருவம் நெல், அறுத்த பிறகு அதே வயலில் இறால். வார இறுதியில் கேமராவோடு கார்கள் வரிசை கட்டி வந்துவிடுகின்றன. அந்த ஊர்க்காரர் அவசரத்துக்கு நகரத்துக்கு வர வேண்டும் என்றால் தோணியும் குறுகிய சாலையும் பஸ்ஸுமாக மாற வேண்டியிருக்கிறது. ஹைகோர்ட்-ஃபோர்ட் கொச்சி தடத்தில் ஞாயிற்றுக்கிழமை க்யூ வளைந்து நிற்கும்போது இன்னொரு படகை அதில் விடச் சொல்லித்தான் எல்லோரும் கேட்பார்கள். வருமானமும் அங்கேதான். அந்தப் படகு கடமக்குடிக்குப் போனால் பாதி சீட் காலியாகப் போகும். எந்தப் படகை எங்கே விடுவது என்ற முடிவை டிக்கெட் வசூலைப் பார்த்து மட்டும் எடுத்தால், சின்னத் தீவுகளின் முறை கடைசியில்தான் வரும். அதுவரை அந்தப் பத்து ரூபாய்க்குள் ஓடும் அரசுப் படகையாவது குறைக்காமல் வைத்திருக்க வேண்டும்.

வைப்பின் கதையே ஒரு பாடம் போல இருக்கிறது. கோஸ்ரீ பாலங்கள் வந்தது 2004-ல். அதுவரை படகே கதி என்றிருந்த தீவு, பாலம் வந்ததும் பஸ்ஸுக்கு மாறியது. ஆனால் வைப்பின் பஸ்கள் நீண்ட காலம் ஹைகோர்ட் சந்திப்போடு நின்றுவிடும். ஊருக்குள் போக இறங்கி இன்னொரு பஸ் மாற வேண்டும். 'எங்கள் பஸ்ஸையும் நகரத்துக்குள் விடுங்கள்' என்று தீவுக்காரர்கள் பல வருடம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பாலம் வந்து, பஸ் வந்து, கடைசி இரண்டு கிலோமீட்டரில் மாட்டிக்கொண்ட கதை அது. அவர்களில் பலர் இப்போது மறுபடி படகுக்கு வந்திருக்கிறார்கள்.

சாயங்காலம் ஏழு மணிக்கு ஹைகோர்ட்டிலிருந்து வைப்பின் போகும் படகில் ஏறினேன். கேமரா வைத்திருந்தவர்கள் ஒரு கை விரல் எண்ணிக்கையில்தான். மற்றவர்கள் ஜவுளிக்கடைகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் வேலை முடித்துத் திரும்பும் பெண்கள். யூனிஃபார்ம் சேலை, மடியில் டிபன் பாக்ஸ், மார்க்கெட்டில் வாங்கிய காய்கறிப் பை. யாரும் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. நாள் முழுக்க நின்ற கால்களை நீட்டி, ஏ.சி குளிருக்குத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு தூங்கினார்கள். இருபது நிமிடம். படகு வேகம் குறைந்ததும், அறிவிப்பு வருவதற்கு முன்பே ஒவ்வொருவராகக் கண் திறந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவருகே போய் நின்றார்கள்.